கடைசி நிமிடங்களுக்குச் சுகந்தி

எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், மரக்கறிக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோதுதான் சுகந்தியின் கணவர் குமரனின் அழைப்பு வந்தது. "அக்கா, சுகந்தி எங்களை விட்டிட்டுப் போயிட்டா" என்றார். காலையில் கடை திறக்கும்போது தலையிடி என்று கதிரையில் இருந்தவள், மூளையில் இரத்தம் கசிந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் உயிர் பிரிந்துவிட்டதாம். அவளுடைய சீலைக்கடை நான் நின்ற இடத்திலிருந்து கூப்பிடு தூரம். முருங்கைக்காயைப் போட்டுவிட்டு ஓடினேன். இரும்புக் கதவு பாதி இறக்கிக் கிடந்தது. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அதற்குள் எங்கள் அணிக்காரிகள் கைபேசிக் குழுவில் அழத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் அணி என்பது பெண்களின் ஐஸ் ஹொக்கி அணி. ஞாயிறு காலைகளில் நகருக்கு வெளியே உள்ள பனித்தளமொன்றில் விளையாடுகிறோம். அதில் தமிழர் நானும் சுகந்தியும் இரண்டே பேர். "அவளைப் போல ஒருத்தி இனி வரமாட்டாள்" என்று ஒருத்தி எழுத, எல்லோரும் அதையே திருப்பித் திருப்பி எழுதினார்கள். பாதி இறக்கிய கதவுக்கு முன்னால் அழுதுகொண்டு நின்ற எனக்கு அதை வாசிக்க எரிச்சலும் வந்தது. நானும் அதே அணியில், அதே பின்வரிசையில்தானே விளையாடுகிறேன்.

முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்துக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி குமரன் கேட்டார். "தேவாரம், குடும்ப விபரம் எல்லாம் ஆக்கள் தந்திட்டினம். அந்த ஐஸ் விளையாட்டைப் பற்றி நீங்கள் எழுதுங்கோ அக்கா. எங்களுக்கு அது விளங்காது." எழுதுகிறேன். ஆனால் பொறாமையைக் கழித்துவிட்டு எழுதச் சொன்னால் என்னிடம் நாலு வரியும் தேறாது. நான் அவள்மேல் பொறாமைப்பட்டது அணிக்குத் தெரியும், குமரனுக்குத் தெரியும், சுகந்திக்கு எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். ஆகவே ஒளிக்க ஒன்றுமில்லை.

அவளைப் பனித்தளத்துக்குக் கூட்டிப்போனதே நான்தான். ரோய்சி விமான நிலையத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருத்தி என்னை இழுத்துப்போனாள். தனியே போகக் கூச்சமாக இருக்க, துணைக்கு நான் சுகந்தியை இழுத்துப்போனேன். முதல் நாள் பலகைச் சுவரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, குளிருது, வீட்டை போவம்" என்று முனகினாள். நான்தான் தேற்றினேன். அந்த மாரிக் குளிர் முடிவதற்குள் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். தாண்டிப் போனது முன்னோக்கி அல்ல, பின்னோக்கி.

வாசிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பின்வரிசைக்காரியின் வேலை பின்னால் போவது. எதிராளி கறுப்பு ரப்பர் வட்டைத் தன் மட்டையால் தள்ளிக்கொண்டு எங்கள் கோல் வலையை நோக்கிப் பாய்ந்து வருவாள். அவளுக்கு முதுகு காட்டாமல், முகத்துக்கு முகம், அவள் வரும் அதே வேகத்தில் நாங்கள் பின்பக்கமாகச் சறுக்கவேண்டும். இடையில் ஒரு மட்டை நீளம்தான் இடைவெளி. கூடினால் அவள் கோலுக்கு அடித்துவிடுவாள், குறைந்தால் சுற்றிக்கொண்டு போய்விடுவாள். கதிரையில் இருப்பதுபோல முழங்கால் மடிந்திருக்க வேண்டும், கால் பின்னக்கூடாது. எங்கள் பயிற்சியாளர் மிரேய் என்னைப் பார்த்து "இரு, இன்னும் பதிந்து இரு" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டாள். சுகந்தியோ முதல் தடவையே அப்படிப் பதிந்து இருந்தாள். இடுப்பு அசையாமல், தோள் ஆடாமல், கல்லாவில் இருந்து கணக்குப் பார்ப்பவள் கதிரையோடு பின்னால் உருண்டு போவதுபோலப் போனாள். மிரேய் விசில் ஊதி எல்லோரையும் நிறுத்தி, அவளைப் பார்க்கச் சொன்னாள். அவளைக் கூட்டிவந்த நானும் வரிசையில் நின்று பார்த்தேன்.

வட்டைக் கையாள்வதும் அப்படித்தான். குனிந்து வட்டைப் பார்த்தால் நிமிர்வதற்குள் யாராவது வந்து மோதிவிடுவார்கள். பார்க்காமலே மட்டை நுனியில் அது கிடப்பதை உணரவேண்டும். நான் கூசேன்வில் புறநகரில் உள்ள எங்கள் வீட்டின் நடையில் சின்னப் பந்தொன்றை மட்டையால் உருட்டி உருட்டிப் பழகினேன். கீழ் வீட்டுக்காரர் விளக்குமாற்றுத் தடியால் தன் வீட்டு முகட்டில் இடித்தார். என் மகள் பிரெஞ்சில் "போதும் அம்மா, நிறுத்து" என்று கெஞ்சினாள். ஒருநாள் சுகந்தியின் கடைக்குப் போனபோது, பிரித்துப் பரப்பிய சீலைகளை அவள் மடித்துக்கொண்டிருந்தாள். கண் வாசலில், வாய் வாடிக்கையாளரோடு, கை தன்பாட்டில் கரையோடு கரை சேர்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வயிறு பற்றியெரிந்தது. அவளுக்குப் பயிற்சியே தேவைப்படவில்லை. செத்தவீட்டில் குமரனிடம், "இரகசியமாக வீட்டில் பழகுவாளோ?" என்று கேட்டேன். "இல்லையக்கா. மட்டை காருக்குள்ளைதான் கிடக்கும்" என்றார். பழகினாள் என்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எதிராளியை எப்படி மறிக்கிறாய் என்று, சீலை மடித்த அன்று கடையில் அவளிடமே கேட்டேன். பெரிய வித்தகி மாதிரிச் சொன்னாள்: "முகத்தைப் பாராதேங்கோ, மட்டையைப் பாராதேங்கோ. ரெண்டும் பொய் சொல்லும். நெஞ்சைப் பாருங்கோ. நெஞ்சு எந்தப் பக்கம் சாயுதோ, ஆள் அந்தப் பக்கம்தான்." பிறகு கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைக் காட்டினாள். "இந்தச் சனத்துக்குள்ளை நான் ஒருத்தரோடையும் இடிபடாமல் நடக்கிறது எப்பிடியெண்டு நினைக்கிறியள்?" தற்பெருமைக்கு அவளிடம் குறைவே இருந்ததில்லை. கல்வெட்டு என்பதற்காக அதை மறைக்க மாட்டேன்.

இனி என் வயிற்றெரிச்சலின் உச்சத்துக்கு வருகிறேன். மிரேயிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோல் மட்டுமே முன்னால் நிற்கும்போது, ஆட்டத்தின் கடைசி நிமிடங்களுக்கு அவள் நம்பும் ஒருத்தியின் தலைக்கவசத்தில் தட்டி உள்ளே அனுப்புவாள். அந்தத் தட்டு எப்போதும் சுகந்திக்குத்தான். நான் ஓரத்து வாங்குப் பலகையில் இருந்து கைதட்டுவேன். எனக்கு இந்த விளையாட்டில் வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. கோல் வேண்டாம், கிண்ணம் வேண்டாம். அந்த நிமிடங்கள் வேண்டும்.

போன மாரியில் ஒரு ஞாயிறு அவளுடைய தம்பியின் பொன்னுருக்கு, தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு. நிச்சயம் வரமாட்டாள் என்று எனக்குள் ஒரே துள்ளல். ஆட்டமும் நான் வேண்டிக்கொண்டபடியே ஒரு கோல் முன்னால் வந்து நின்றது. மிரேய் வாங்கோரமாக என்னை நோக்கி நடந்து வந்தாள். அப்போது பின்கதவைத் தள்ளிக்கொண்டு, முழுக் கவசத்தோடு, மூச்சிரைக்க, கூடப்பிறக்காத என் தங்கச்சி வந்து நின்றாள். மிரேயின் கை பாதி வழியில் திரும்பி அவளுடைய தலையில் தட்டியது. உள்ளே பாய்ந்து பின்னோக்கிச் சறுக்கத் தொடங்கினாளோ இல்லையோ, தலைக்கவசத்துக்குக் கீழிருந்து மல்லிகைப் பூக்கள் உதிரத் தொடங்கின. சீலையை மாற்றியவள் கொண்டைப் பூவை எடுக்க மறந்துவிட்டாள். நடுவர் விசில் ஊதி, பனியில் கிடந்த பூக்களைக் குனிந்து குனிந்து பொறுக்கினார். கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் முழித்தார். அரங்கமே எழுந்து நின்று சிரித்தது, படம் எடுத்தது. பிறகு ஆட்டம் தொடங்க, வட்டோடு வந்த எதிராளியின் நெஞ்சு சாய்ந்த பக்கம் மட்டையை நீட்டி, வட்டைத் தட்டிப் பறித்து, கோலுக்குப் பின்னால் சுழன்று வெளியே அனுப்பினாள். வென்றோம்.

உடைமாற்றும் அறையில் நான் வெடித்தேன். "இண்டைக்காவது எனக்கு விட்டுத் தந்திருக்கலாம். உனக்குத் தம்பியின்ரை பொன்னுருக்கை விட இது பெரிசோ?"

சுகந்தி கொண்டையிலிருந்த மிச்சப் பூவை உருவிக்கொண்டே சிரித்தாள். "விட்டுத் தந்தால் நீங்கள் என்னோடை பிறகு கதைக்கவே மாட்டியள் அக்கா. எனக்குத் தெரியும்." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நீங்கள் வாங்கிலை இருந்து என்னை முறைச்சுப் பார்க்கிறியளெல்லோ, அதுதான் எனக்குப் பயம். பிழை விட்டால் உங்களுக்குச் சந்தோசமாப் போயிடும் எண்டுதான் பிழை விடாமல் ஆடுறன்." அன்று இருவரும் காரில் திரும்பும்போது நான் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். அவள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

செத்தவீடு முடிந்து வந்த ஞாயிறு எங்களுக்கு ஆட்டம் இருந்தது. எல்லோரும் கையில் கறுப்புப் பட்டி கட்டியிருந்தோம். கடைசி நிமிடங்களில் ஒரு கோல் முன்னால் நின்றோம். மிரேய் வந்து என் தலைக்கவசத்தில் தட்டினாள். "மாலினி, போ" என்றாள்.

போனேன். நெட்டையான ஒருத்தி வட்டோடு வந்தாள். பதிந்து இருந்தேன், பின்னோக்கிப் போனேன், இடைவெளி கூடவுமில்லை குறையவுமில்லை. அவள் முகத்தால் ஒரு பக்கம் ஏய்த்தாள், மட்டையால் மறு பக்கம் ஏய்த்தாள். நான் நெஞ்சைப் பார்த்தேன். அது சுவர்ப்பக்கம் சாய்ந்தது. மட்டையை நீட்டினேன், வட்டு கழன்றது. குனியாமல் அதை எடுத்துக்கொண்டு கோலுக்குப் பின்னால் போய்ச் சுவரோரமாக வெளியே அனுப்பினேன். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. எல்லோரும் என்மேல் விழுந்து கட்டிப்பிடித்தார்கள். மிரேய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படியே சுகந்தி மாதிரி" என்றாள்.

பாருங்கள், அதையும் அவளே எடுத்துக்கொண்டாள். இனி எனக்கு முழங்கால் தேயும், மூச்சு வாங்கும், ஒருநாள் சின்னப் பெட்டைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போவார்கள். சுகந்தி ஒருநாளும் வேகம் குறைய மாட்டாள். யாராலும் இனி அவளை வெல்ல முடியாது. இதைவிடப் பொறாமைப்பட என்ன இருக்கிறது?

அணைப்பிலிருந்து விலகி வாங்கைத் திரும்பிப் பார்த்தேன். முறைத்துப் பார்க்க ஒருத்தருமில்லை. எல்லோரும் எனக்காகச் சந்தோசப்பட்டார்கள். அன்பான முகங்கள், எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் அங்கே இருந்து, நான் ஆடியதைப் பார்த்து, ஒரே ஒரு தடவை வயிறெரிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் நான் அத்தனை ஞாயிறும் குளிரில் எழும்பிப் போனேன் என்பது அப்போதுதான் விளங்கியது. பனியிலேயே குந்தியிருந்து அழுதேன்.

உறவுகள் அவளுடைய சிரிப்பை வைத்திருக்கட்டும், குமரன் கடையை வைத்திருக்கட்டும். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கடைசி நிமிடங்களும் ஆறாத இந்தப் பொறாமையும்தான். இரண்டையும் நான் கொடுக்கப்போவதில்லை. சுகந்தி, உன்ரை இடம் இப்ப என்ரை. வேணுமெண்டால் வந்து எடு.