கைகூப்பும் சன்னல்

பழைய கட்டடத்தை இடிக்கும் முன் அக்கம்பக்கத்தாருக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. மலேசியாவில் குளுவாங் அருகே எங்கள் தோட்டத்து கோத்திக் பாணித் தேவாலயத்தை இடித்தபோது எண்ணெய்ப் பனைகளுக்கு மட்டும் சொல்லியிருப்பார்கள். ஒரு சன்னலாவது கொடுங்கள் என்று நிர்வாகத்துக்கு மூன்று பிரதிகளில் எழுதினேன், பதில் இல்லை. பிறகு மூவாரில் ஒரு பழைய மரச்சாமான் கடையில், தங்கை கமலா ஆணியால் பெயர் கீறிய அதே சன்னல், கண்ணாடி உடையாமல், வார்னிஷ் மணத்தோடு நின்றது.

அந்த மணத்தில், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வண்ணக் கண்ணாடி வழியே தரையில் விழுந்த வெயிலில் ஆளுக்கொரு நிறத்தை மிதித்து நின்ற ஞாயிறுகள் திரும்பின. கைகூப்பியது போன்ற அதன் கூர்வளைவைக் காட்டி அம்மா, "சன்னலே கும்பிடுது, நீயும் கும்பிடு லா" என்பார்.

வாங்கிவந்து சமையலறையில் பொருத்தினேன். பார்க்க வந்த கமலா, "அண்ணே, நவுருங்க, நீலம் என் எடம்" என்றாள். விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாக நிர்வாகத்தின் பதில் வந்ததும் அன்றுதான், தைப்பூச விடுமுறைக்கு மறுநாள்.