ஒரு வேனுக்கு ஒரே போன் நம்பர்

சீசன் முடிந்து கூட்டம் கலைந்ததும் லாட்ஜ் அறைகளைத் திறந்தால் ஒரு நாற்றம் வரும். அருவியில் குளித்துவிட்டு வந்தவர்கள் தலையணையில் தேய்த்த எண்ணெய், கட்டிலுக்கு அடியில் சுருட்டி எறிந்த ஈரத்துண்டு, தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்த ஷாம்பு பாக்கெட், மூலையில் கோழி எலும்பு. கூட்டிப் பெருக்கும் அக்காமார் மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போவார்கள். எனக்கு அந்த வேலை இல்லை. ஆனாலும் என் வேலையில் இருந்த அழுக்குக்கு எந்த முந்தானையும் போதாது.

ஐந்தருவி போகும் சாலையில் உள்ள ஒரு லாட்ஜில் கம்ப்யூட்டர் வேலை எனக்கு. ரிசப்ஷனுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத சின்ன அறை. குத்துக்கல்வலசையிலிருந்து காலையில் பஸ் பிடித்து வந்தால் சாயங்காலம் வரை யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. நாலு பேர் முன்னால் வாய் திறந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இந்த வேலை எனக்குப் பிடித்ததற்குக் காரணம் அந்த அறைதான்.

சாப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் போகும் முன், அதன் உள்ளே இருக்கும் டேபிள்களை எப்படித் திறப்பது, குவெரி என்னும் கேள்வியை எப்படி எழுதிக் கேட்பது என்று காட்டிவிட்டுப் போனார். மீதியைப் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஒரு டேபிளில் தங்கியவர் பெயர், ஊர், போன் நம்பர். இன்னொன்றில் அறை, வந்த தேதி, போன தேதி, அதே போன் நம்பர் மறுபடியும். இரண்டிலும் புக்கிங் நம்பரும் அறை நம்பரும் உண்டு. அவற்றை வைத்து இரண்டு டேபிளையும் சேர்த்தால் யார் எந்த அறையில் இருந்தார் என்று வரும். போன வருடம் வந்து இந்த வருடம் வராதவர்கள் யார், இரண்டு தேதிகளுக்கு நடுவே எந்த அறை காலி, எந்த ஊர்க்காரர்கள் அதிகம் வருகிறார்கள், இப்படிக் கேட்டு விடை வரவழைப்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி இருந்தது. ஆளிடம் பேசக் கூசும் எனக்கு, எழுதிக் கேட்டால் பதில் சொல்லும் ஒன்று கிடைத்திருந்தது.

ஆனால் உள்ளே போட்டு வைத்ததைப் பார்த்தால் குமட்டும். ஒரே ஆளின் பெயர் இனிஷியல் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை, இனிஷியலே இல்லாமல் ஒரு தடவை. ஊர் என்ற இடத்தில் 'டீ சொல்லியாச்சு' என்று எவரோ அடித்து வைத்திருந்தார்கள். போன் நம்பர்தான் மோசம். சீசனில் வேன் வந்து நின்றால் கூட்டத்தில் ஒருவர் மட்டும் முன்னால் வந்து அடையாள அட்டையும் நம்பரும் கொடுப்பார். எத்தனை அறை எடுத்தாலும் எல்லோருக்கும் அதே நம்பர். வேன் டிரைவருக்கு வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு கட்டில் போட்டுக் கொடுப்போம். அவர் பெயரிலும் அதே நம்பர். தனியாக வந்தவர் நம்பர் தர மாட்டேன் என்றால், ரிசப்ஷனில் இருப்பவர் முதலாளி அண்ணாச்சியின் நம்பரை அடித்து அறையைத் திறந்துவிடுவார். குற்றாலத்தில் இதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. வரிசையில் நிற்கிறவனுக்கு அருவிதான் முக்கியம்.

பழைய வாடிக்கையாளரா என்று பார்க்க அண்ணாச்சி ஒரு வழி கேட்டார். பெயரை நம்ப முடியாது என்பதால், போன் நம்பரை மட்டும் வைத்து இரண்டு டேபிளையும் சேர்க்கும் ஒரு குவெரியை எழுதி, நம்பரைப் போட்டால் ஓடும்படி வைத்துக் கொடுத்தேன். ஓர் ஆள் ஓர் அறை என்றால் சரியாக வரும். வேன் கூட்டம் என்றால் ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு அறையோடும் ஒட்டிக்கொண்டு வரும். "இதுல வந்தாவளா இல்லையான்னு மட்டும் பாருங்க அண்ணாச்சி, ரூமைப் பாக்காதீங்க" என்று அன்றே சொல்லியிருந்தேன். அவர் தலையாட்டினார்.

கூட்டம் ஓய்ந்த ஒரு மத்தியானம் அவர் ஒருவரை என் அறைக்கே கூட்டி வந்தார். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருப்பவர், அண்ணாச்சியின் கூட்டாளி. வெள்ளைச் சட்டை, ஜவ்வாது வாசனை. நான் எழுந்து சுவரோடு ஒட்டி நின்றேன். அண்ணாச்சி என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மருமவ நம்பரச் சொல்லும் வே."

வந்தவர் போனைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அதற்கு நடுவிலேயே கதையும் வந்தது. மருமகள் தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். மகனோடு ஒத்துவராமல் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசிக் கல்யாணத்தை அறுத்துவிடப் போகிறார்கள்.

"பேசுறதுக்கு நம்ம கையில ஒண்ணு வேணும்லா, இல்லன்னா சீர் சாமான எல்லாம் திருப்பிக் கேப்பாவ" என்றார். "டீச்சருமாரோட குத்தாலம் போனேன்னு சொன்னா. யார் கூடப் போனாளோ. இங்கனதான் தங்குனாளாம்."

"எல்லாம் உள்ள கெடக்கும். ஒரு தட்டு தட்டுனா போதும்" என்றார் அண்ணாச்சி.

திரையில் விடை வந்தது. அந்தப் பெண்ணின் பெயர், பக்கத்தில் ஓர் அறை. அடுத்த வரியிலும் அவள் பெயர், வேறு அறை. அதற்கும் கீழே அவள் பெயர், பக்கத்தில் 'டிரைவர் கட்டில்'. இன்னும் கீழே டிரைவரின் பெயர், பக்கத்தில் அவள் அறை.

இரண்டு பேரும் முன்னால் சாய்ந்தார்கள். பந்தியில் இலையில் கறி விழும்போது ஒருவர் முகத்தில் வரும் பிரகாசம் அவர்கள் முகத்தில் வந்தது.

"டிரைவரா? சீ" என்றார் புளியங்குடிக்காரர். சீ என்று சொன்ன வாய் சிரித்துக்கொண்டிருந்தது. போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார். சரியாக விழவில்லை என்று இன்னொன்றும் பிடித்தார்.

"அது அப்படி இல்ல அண்ணாச்சி" என்றேன்.

எனக்கே கேட்காத குரல். அண்ணாச்சி திரும்பாமலே, "இவ பேச மாட்டா வே. கம்ப்யூட்டர்தான் பேசும்" என்றார்.

"அதுதான் பேசிட்டுல்லா" என்றார் மற்றவர்.

வேன் கூட்டத்துக்குப் பொறுப்பாக முன்னால் வந்து நின்றவள் அவள். எல்லோருக்குமாகத் தன் நம்பரைக் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை அவள் அப்பா முன்னால் நீட்டுவார்கள். அவளால் என்ன சொல்ல முடியும்? கம்ப்யூட்டரில் வந்தது என்றால் எங்கள் ஊரில் யாரும் மறுபேச்சு பேச மாட்டார்கள்.

"எந்திரிங்க" என்றேன்.

இப்போது கேட்டது. அண்ணாச்சி என்னைப் பார்த்தார். வேலைக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் அப்படி ஒரு சொல் நான் சொன்னதில்லை. அந்த ஆச்சரியத்திலேயே எழுந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

உட்கார்ந்து புக்கிங் நம்பரையும் அறை நம்பரையும் சேர்த்துப் புதிதாக எழுதினேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தேன். விடை வந்தது. ஒரே புக்கிங். ஒவ்வொரு அறைக்கும் ஒரு டீச்சர் பெயர். அவள் தன் அறையில் மட்டும். டிரைவர் வெளியே தன் கட்டிலில் மட்டும்.

"இதுதான் சரி. மொதல்ல வந்தது தப்பு."

"அப்பம் இது மட்டும் எப்படிச் சரியாப் போச்சு?" என்றார் புளியங்குடிக்காரர். "எனக்கு அதுதான் வேணும். நீ நல்ல பிள்ளையா ஒதுங்கிக்கோம்மா."

விளக்கிச் சொன்னாலும் அவர் கேட்க மாட்டார். பழைய குவெரியையே திறந்து, அண்ணாச்சியின் போன் நம்பரை அடித்து ஓடவிட்டேன்.

வரிகள் வந்துகொண்டே இருந்தன. சொந்தக்காரர்கள் வரும்போது அண்ணாச்சி தன் பெயரில் ஓர் அறை போட்டு வைப்பார். அந்தப் பெயர் இப்போது லாட்ஜின் எல்லா அறைகளோடும் ஒட்டிக்கொண்டு நின்றது. அவருடைய அறைக்கு நேராக யார் யாரோ ஆண்கள் பெயர், பெண்கள் பெயர். திரை நிறைந்து கீழே ஓடியது.

புளியங்குடிக்காரர் சத்தமாக வாசித்தார். ஒரு பெண் பெயர், இன்னொரு பெண் பெயர்.

"என்ன வே, நீரு லாட்ஜ் நடத்துதீரா, வேற எதும் நடத்துதீரா? மதினிக்குத் தெரியுமா?"

"ஏய், வாய மூடும். இது என்ன எழவு? எம்மா, இத அணை."

"உங்களுக்கு வந்தது தப்புன்னா அந்தப் பிள்ளைக்கு வந்ததும் தப்பு" என்றேன். "நம்பர் ஒண்ணா இருந்தா எல்லாரையும் எல்லா ரூம்லயும் கொண்டு போட்டுரும்."

அண்ணாச்சிக்கு அது உடனே விளங்கியது. அந்தப் பெண்ணுக்காக விளங்கவில்லை. அந்தப் படம் நாலு பேர் கையில் சுற்றினால், எந்தக் கம்ப்யூட்டர், எந்த லாட்ஜ் என்று யாராவது கேட்பார்கள்; கேட்டு வந்தவர்கள் அவர் பெயரையும் தேடிப் பார்ப்பார்கள். அதற்காக விளங்கியது. கூட்டாளியின் கையிலிருந்த போனை வாங்கி, இரண்டு படங்களையும் தானே அழித்தார்.

"அழிச்சாச்சு. போன் குப்பைத்தொட்டியில கெடக்கும்லா, அதையும் நீ அழிச்சிரு" என்று என்னிடம் நீட்டினார். அந்தப் போன் எலுமிச்சை வாடையும் வியர்வைப் பிசுபிசுப்புமாக இருந்தது. குப்பையிலிருந்தும் அழித்துக் கொடுத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்தேன்.

புளியங்குடிக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று. தன் வீட்டு மருமகள் தப்பு ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்ததும் ஒரு மனிதருக்கு இப்படி முகம் வாடும் என்பதை அன்றுதான் பார்த்தேன். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, மரியாதையாகவே கேட்டார்:

"ஏம்மா, அங்கன பழைய குத்தாலம் பக்கத்து லாட்ஜ் கணக்கெல்லாம் இதுல பாக்க முடியுமா?"

"முடியாது."

"அப்பம் என்னத்துக்கு இந்தக் கம்ப்யூட்டர்?"

வந்ததற்கு அருவியில் தலையையாவது நனைத்துவிட்டுப் போகலாம் என்று இருவரும் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். நான் பின்கட்டுக் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவினேன். ஜவ்வாது வாசனை அறையை விட்டுப் போகவில்லை.

மறுநாள், அறையைக் காலி செய்து போனவர்களின் போன் நம்பர்களை டேபிளிலிருந்து எடுத்துவிடவா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். போலீஸுக்குக் காட்ட வேண்டிய அடையாள அட்டை நகல் தனியாக இருக்கிறது, இது தேவையில்லை என்றேன். "எந் நம்பர மொதல்ல எடு" என்றார். அவருடையதை முதலில் எடுத்தேன். பிறகு மற்ற எல்லாவற்றையும் எடுத்தேன். அந்தப் பழைய குவெரியையும் அழித்தேன். பழைய வாடிக்கையாளர் யார் என்று இப்போது வருகிறவர்களிடமே கேட்டுக்கொள்கிறார்கள். அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

அந்த டீச்சரை நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை பேச்சு முடிந்த விவரத்தை அண்ணாச்சிதான் டீ குடித்துக்கொண்டே சொன்னார். பெண்வீட்டார் வந்து சீராகக் கொடுத்த பீரோ, கட்டில் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். அவள் மேல் ஒரு சொல் சொல்ல முடியவில்லையாம்.

"ஒண்ணும் கெடைக்கலியே" என்றார். உண்மையாகவே வருத்தத்தோடுதான் சொன்னார்.