மூன்று எழுத்தில் கொதித்த கார்

என் மனைவிக்கு டயாலிசிஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கோலா சாவாவில் வீட்டு வாசலிலேயே, காரின் பழுதான வாட்டர் பம்பை நானே மாற்றி முடித்தேன். "மெக்கானிக்க கூப்புடலாம்லா" என்றவளிடம், "ஒனக்கு என்னா தெரியும்?" என்று எரிந்து விழுந்திருந்தேன்.

கடைசி வேலை இதுதான் என்று, பம்ப் விற்ற கடைக்காரர் அதன் பெட்டியின் மேல் 'buang AIR' என்று எழுதித் தந்திருந்தார். மலாயில் 'புவாங்' என்றால் வெளியேற்று. 'ஆயேர்' என்றால் தண்ணீர். ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி, அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

செம்பனைத் தோட்டத்துச் சாலையில் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. நிறுத்தினேன். ஆவி சீறியது. ஆத்திரத்தில் ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். ஊசித் தழும்பேறிய கையால் அவள் என்னைப் பிடித்து இழுத்தாள்.

"தொறக்காதீங்க! மூஞ்சி வெந்துரும்!"

பிறகு காரில் கிடந்த பம்ப் பெட்டியை எடுத்துப் படித்தாள்.

"இது மலாய் ஆயேர் இல்லைங்க. இங்கிலீஷ் ஏர்லா. காத்த எடுக்கச் சொல்லியிருக்காரு."

இன்ஜின் ஆறும்வரை காத்திருந்து, மூடியைத் திறந்து, அவள் குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் ஊற்றி இன்ஜினை ஓடவிட்டோம். அடைபட்ட காற்று குமிழ் குமிழாக வெளியேறியது.

தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் அவள், "ஒங்களுக்கு என்னா தெரியும்?" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எனக்கு இன்னும் சுடுவது அதுதான்.