மஞ்சள் பொட்டு வைத்த நட்டு

எங்கள் பகுதி ஆண்களுக்குக் காரை நம்ப நல்ல மெக்கானிக் தேவையில்லை, ஒரு மஞ்சள் பேனா போதும். நான் கோபத்தில் சொல்வதாக நினைத்தால் சரியாகத்தான் நினைக்கிறீர்கள்.

ஒரகடத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களில் பாதிப் பேர் காருக்கு ஏதோ ஒன்றைச் செய்கிறவர்கள். ஒருவர் கதவு மாட்டுவார், ஒருவர் சீட்டு மாட்டுவார், இன்னொருவர் ஒயர் சொருகுவார். ஷிப்டு முழுக்க ஒரே இடம், ஒரே வேலை. அதில் ஒரு குறைவும் இல்லை. அந்தக் கதவு மாட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் ஷெட்டுக்குப் போய் இன்ஜினைப் பற்றிப் பாடம் எடுப்பார் பாருங்கள், அதைத்தான் என்னால் சகிக்க முடியாது. என் கணவரும் அந்தக் கூட்டம்தான். தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். கார் கம்பெனி ஒன்றில், கார்கள் வரிசையாக நகர்ந்து வருகிற லைன் முடிகிற இடத்தில் நின்று வண்டியைச் சரிபார்த்து அனுப்புகிறவர்.

அவர்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை முறுக்கியவர் அதன் தலையில் பெயின்ட் பேனாவால் ஒரு பொட்டு வைக்க வேண்டும். நான் முறுக்கிவிட்டேன் என்பதற்கு அது அடையாளம். அவர்கள் பாஷையில் அது 'மார்க்கு'. அடுத்து நிற்பவர் மார்க்கைப் பார்ப்பார், வண்டியை அனுப்புவார். அங்கே முறுக்குகிற கருவியே கணக்காக முறுக்கும், தப்பினால் விளக்கு எரிந்து லைன் நின்றுவிடும் என்று கணவர் சொல்வார். இருக்கட்டும். ஷெட்டில் விளக்கும் இல்லை, லைனும் இல்லை. ஒரு ஜாக்கி, ஒரு ஸ்பேனர், மெக்கானிக்கின் மனசாட்சி, அவ்வளவுதான்.

எங்கள் ஷெட் வல்லம் வடகால் போகிற வழியில் இருந்தது. மெக்கானிக் பென்னலூர்க்காரர். கெட்டிக்காரர்தான், ஆனால் வேலையில் இருந்ததைவிட ஆளை எடைபோடுவதில் கெட்டிக்காரத்தனம் அதிகம். வருகிற கம்பெனிக்காரர்கள் எல்லாரும் வண்டியை எடுக்கும்போது குனிந்து எதையோ தேடுவதைக் கவனித்து, விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். சட்டைப் பையில் ஒரு மஞ்சள் பேனா ஏறியது. அன்றிலிருந்து அவர் தொட்ட நட்டுக்கெல்லாம் பொட்டு. பக்கத்து ஷெட்டுகள் ஈயோட்ட, இவர் வாசலில் கார்கள் வரிசைகட்டி நின்றன.

"நம்ம கம்பெனி ஸ்டாண்டர்டுல்லா!" என்று என் கணவர் பூரித்துப்போனார். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர்களுக்கு மஞ்சளானதெல்லாம் இறுக்கம்.

காரை ஓட்டுவது நான். அவருக்குக் கம்பெனி பஸ் வீட்டருகே வரும். நான் வடக்குப்பட்டிலிருந்து கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போக வேண்டும். அங்கே ஒரு பள்ளியில் ஆசிரியை. மகள் அதே பள்ளியில் படிக்கிறாள், பின் சீட்டில் வருவாள். எனக்குப் பானட்டைத் திறக்கக்கூடத் தெரியாது. ஆனால் அந்தக் கார் போடுகிற ஒவ்வொரு சத்தமும் எனக்கு அத்துப்படி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முன் சக்கரங்களுக்கு பிரேக் பேடு மாற்றப் போனோம். நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மெக்கானிக் புது பேடு போட்டு, சக்கரத்தை மாட்டி, நட்டுகளை ஓரளவு முறுக்கினார். வண்டி ஜாக்கியில் தூக்கி நிற்கும்போது அவ்வளவுதான் முறுக்க முடியுமாம். இறக்கி வைத்த பிறகுதான் முழு பலத்தையும் போட்டு இறுக்க வேண்டுமாம். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. என் கணவர் குனிந்து பார்த்தார்.

"அண்ணே, மார்க்கு போடலியா?"

"இதோ சார், போட்டா போச்சு."

சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே எல்லா நட்டுக்கும் பொட்டு வைத்தாயிற்று. அப்புறம் என் கணவர் தங்கள் லைனில் எப்படி வேலை நடக்கும் என்று ஆரம்பித்தார். டீ வந்தது. பேச்சோடு பேச்சாக ஜாக்கி இறங்கியது. கணவர் மறுபடி குனிந்து பார்த்து "பக்கா" என்றார். மெக்கானிக்கும் குனிந்து, தான் வைத்த பொட்டைத் தானே பார்த்து, வேலை முடிந்துவிட்டதென்று நம்பிவிட்டார். ஊரை ஏமாற்ற வைத்த பொட்டில் அவரே ஏமாந்த வேடிக்கை அன்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாளே இடது முன் சக்கரத்தில் சத்தம் வந்தது. திருப்பத்தில் 'டொக்' என்றது. வீட்டுக்கு வந்து சொன்னேன். கணவர் செல்போன் டார்ச்சை அடித்து, சக்கர மூடியின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தார்.

"அதான் மார்க்கு கெடக்குல்லா? பொறவு என்னத்துக்குப் பயப்படுதே?"

"சத்தம் வருதுங்க."

"ரோடு அப்படி. லாரி போயிப் போயிக் குண்டுங்குழியுமா கெடக்கு."

அடுத்த நாள் இன்னும் கூடிற்று. மறுபடி சொன்னேன். என் தொல்லை தாங்காமல் மெக்கானிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "புது பேடு சத்தம் சார் அது. ஓட ஓட செட் ஆயிடும். மேடத்த பயப்பட வேணாம்னு சொல்லுங்க சார்" என்றது போன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்கு இன்றுவரை ஆறாதது அந்தச் சிரிப்புதான்.

அதற்கடுத்த நாள் பள்ளி விட்டு மகளோடு திரும்பும்போது ஸ்டியரிங் கையிலேயே நடுங்கியது. உருட்டிக்கொண்டே ஷெட்டுக்குப் போய் நிறுத்திவிட்டேன்.

"இன்னா மேடம், இன்னும் அந்த சத்தம் கீதா? சார் வரட்டும், பாத்துக்கலாம்" என்றார் மெக்கானிக். ஓட்டுகிறவள் எதிரே நிற்கிறேன், இவருக்குச் சார் வர வேண்டும். போன் செய்தேன். காலை ஷிப்டு முடித்து வந்திருந்த கணவர் நண்பரின் பைக்கில் வந்து இறங்கினார்.

இருவரும் சக்கரத்தின் முன் குந்தினார்கள்.

"நாலு நட்டுலயும் மார்க்கு இருக்கு."

"கீது சார். எல்லாத்துலயும் கீது."

பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருவர் கையும் நீளவில்லை. நான் புடவையைச் செருகிக்கொண்டு நடுவில் உட்கார்ந்து, சக்கர மூடியை இழுத்துப் பிடுங்கினேன். ஒரு நட்டை இரண்டு விரலால் திருகினேன். ஊறுகாய் பாட்டில் மூடி மாதிரி சுழன்று கையோடு வந்துவிட்டது. பொட்டும் அதோடு சேர்ந்து அழகாகச் சுழன்றது. பாவம், அதற்கு என்ன தெரியும்? அடுத்ததும் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. நாலில் ஒன்றுதான் கொஞ்சம் பிடிப்போடு இருந்தது. அந்த ஒன்றை நம்பித்தான் நாங்கள் வந்திருக்கிறோம்.

மெக்கானிக்கின் முகம் வெளிறிவிட்டது. "எறக்கினதும் ஃபைனல் டைட் குடுக்கணும்... சார் பேசிகினு இருந்தாரா, டீ வந்துச்சா... மன்னிச்சுக்கம்மா" என்றார். சார் பக்கத்தில் இருக்கும்போதே என்னைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"என் பொண்ணு பின்னாடி உக்காந்துகிட்டு வந்தாண்ணே" என்றேன். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. இவர்கள் முன் அழ எனக்கு இஷ்டமில்லை.

ஒரு நட்டைக் கணவர் உள்ளங்கையில் வைத்தேன். பொட்டு கலையாமல் பளிச்சென்று இருந்தது. "உங்க லைன்லயாவது தொட்டுப் பாப்பீங்களா?" என்று கேட்டேன்.

"தொடக் கூடாது" என்றார். "மார்க்கு இருக்கான்னு பாக்கதுதான் என் வேல."

ஒரு மன்னிப்பு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த மரியாதையில் பெரும்பகுதி அந்த ஷெட்டின் ஆயில் தரையிலேயே போயிற்று.

மெக்கானிக் வண்டி முழுக்க ஒவ்வொரு நட்டாக, ஸ்பேனர் மேல் ஏறி மிதித்து இறுக்கினார். முடித்ததும் கை தானாகப் பையிலிருந்த பேனாவுக்குப் போயிற்று. "போடட்டா சார்?" என்று கணவரைக் கேட்டார்.

நான் பின் கதவைத் திறந்து மகளை இறக்கினேன். "நீங்களே ஓட்டிட்டு வாங்க" என்று சாவியைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, ரோட்டுக்கு வந்து ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தினேன். ஏறி உட்கார்ந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் காரில் ஏறாமல் அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் குனிந்து, ஒவ்வொரு நட்டாகக் கையால் திருகிப் பார்த்தார். நானும் மகளும் போவதற்கு அவர் கண்ணால் பார்த்ததே போதுமாக இருந்தது. தான் ஏறுவதென்றதும் கை நீண்டுவிட்டது.