பைக்குள் போன அரக்குப் புடவை

அந்த வேலைக்குத் தனியாக ஒரு பெயர் கிடையாது. பட்டுப்புடவைக் கடையின் இரண்டாவது மாடியில், சரக்கு அறையை ஒட்டிய ஒரு சின்ன அறையில், கடைக் கேமராக்கள் பிடிப்பதைக் காட்டும் இரண்டு திரைகள் இருந்தன. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும் வரை அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். யாராவது எதையாவது எடுத்தால் கீழே மேனேஜருக்கு இண்டர்காமில் சொல்ல வேண்டும். கடையில் எல்லோரும் என்னை சிஐடி என்றார்கள். டீக்காரர்கூட மாடிப்படியில் ஏறும்போதே "சிஐடி, தூங்கறியா, முழிச்சிக்கினு கீறியா?" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருவார்.

எட்டாவதோடு நின்றவனுக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கிடைத்ததே பெரிது. அதற்கு முன் வேலூரில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்திருக்கிறேன். லாரியில் கிளீனராக நாக்பூர் வரை போய் வந்திருக்கிறேன். திருப்பூரில் பனியன் மூட்டை கட்டியிருக்கிறேன். எந்த ஊரிலும் என்னால் உட்கார முடிந்ததில்லை.

திருப்பூரில் நோய் வந்தது. தெருவில் ஒருவர் இருமுவார். எதிர்க்கடைக்காரர் தலையைச் சொறிவார். இரண்டும் எனக்கான சைகை என்று தெரிந்துவிடும். பிறகு பஸ் நம்பர், மூட்டையில் எழுதிய எழுத்து, பக்கத்து அறையில் வைக்கும் பாட்டு, எல்லாம் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்தன. தூக்கம் போய்விட்டது. ரயில்வே ஸ்டேஷனில் யாரையோ சட்டையைப் பிடித்துக் கேள்வி கேட்டேனாம். ஒரு போலீஸ்காரர் அரசாங்க ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அங்கிருந்த டாக்டரம்மா சொன்னதை நான் மறக்கவில்லை. "உன் கண்ணுல கோளாறு இல்லப்பா. அவர் இருமுனதும் நெஜம், இவர் சொறிஞ்சதும் நெஜம். ரெண்டுக்கும் நடுவுல நீயா ஒரு கதை கட்டற பாரு, அதுதான் நோய். சந்தேகமா இருந்தா நீ நம்பற ஒரு ஆளக் கேளு. மாத்திரைய மட்டும் நிறுத்தாத."

காஞ்சிபுரத்துக்கு நான் வந்ததற்குக் காரணம் ஒன்றும் இல்லை. பஸ் அங்கே நின்றது. ஐயம்பேட்டையில் ஒரு அறை கிடைத்தது. ஷேர் ஆட்டோவில் கடைக்கு வந்து போனேன்.

இரவு போடும் மாத்திரை மறுநாள் மத்தியானம் வரை தலையில் ஈரச்சாக்கு மாதிரி கிடக்கும். ஒரு நாள் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டேன். மேனேஜர் வந்து நின்றார். "இன்னாய்யா, சிஐடி கொறட்ட வுடுது?" என்றார். சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்து, "அது இன்னா மாத்திர?" என்றார். வயிற்றெரிச்சலுக்கு, கேஸ்டிக் என்றேன். அன்றிலிருந்து மாத்திரையைப் பிளேடால் பாதியாக வெட்டிப் போட ஆரம்பித்தேன். தலை தெளிந்தது. கொஞ்சம் அதிகமாகவே தெளிந்தது.

அது கல்யாண மாசம். எங்கள் கடைக்குக் கல்யாண வீட்டார் மாதிரி ஒரு கூட்டம் வந்து, மணப்பெண் என்று ஒருத்தியை நடுவில் உட்கார வைத்து, புடவைகளைப் பிரித்துக் குவிக்கச் சொல்லி, குவியலில் இருந்து விலை உயர்ந்த புடவைகளை எடுத்துக்கொண்டு போயிருந்தது. அன்று திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான்தான். முதலாளி மேனேஜரைக் கூப்பிட்டுப் பேசினார். மேனேஜர் மாடிக்கு ஏறி வந்தார். "இன்னொரு வாட்டி போச்சுன்னா நானும் வூட்டுக்கு, நீயும் வூட்டுக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்து வந்த முகூர்த்தப் புடவைக் கூட்டத்தில்தான் அந்த அம்மா இருந்தார். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்து வேனில் வந்திருந்தார்கள். பெண்ணின் அம்மா யார், மாப்பிள்ளையின் அம்மா யார் என்பது உட்காரும் விதத்திலேயே தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா மெத்தை விரிப்பின் நடுவில் உட்கார்ந்து, விற்பனைக்காரரிடம் இதை எடு, அதை விரி என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெண்ணின் அம்மா பச்சைப் புடவையில், தூண் ஓரமாக, மடியில் ஒரு கட்டைப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மணப்பெண் புடவைகளைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் மாமா வெள்ளை வேட்டி சட்டையில் வாசல் பக்கம் நின்று யாரிடமோ போனில் பேசினார். அவர் பேசி முடிக்கும்போதெல்லாம் தூணோரத்து அம்மா தலையைக் குனிந்தார். எனக்குக் கழுத்து நரம்பு இழுத்தது. இந்த இழுப்பு எனக்குத் தெரியும். கதை கட்ட ஆரம்பித்துவிட்டேனா, இல்லை உண்மையிலேயே ஏதாவது நடக்கிறதா? திரையை விட்டுக் கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்தேன். திரும்பப் பார்த்தபோது அந்த அம்மாவின் கை புடவைக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு அரக்குப் புடவையை இழுத்துப் பைக்குள் திணித்தது.

ஓட்டிப் பார்த்தேன். பதிவில் கை, புடவை, பை. மறுபடியும் ஓட்டிப் பார்த்தேன். அதேதான். ஆனால் திருப்பூரில்கூட நான் திரும்பத் திரும்பப் பார்த்தபோது அதேதான் தெரிந்தது. என் கண்ணுக்கு நானே சாட்சி சொல்லி என்ன பயன்?

என் அறைக்கு வெளியே ஜன்னலோரம் ஒரு அக்கா உட்கார்ந்து குச்சம் கட்டுவார். தறியிலிருந்து வரும் பட்டுப்புடவையின் முந்தானை ஓரத்தில் நூல்கள் அப்படியே பிசிறாகத் தொங்கும். புடவை விற்ற பிறகுதான் அந்த நூல்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டுக் குச்சம் கட்டித் தருவார்கள். கேட்டால் மணி கோத்தும் கட்டுவார்கள். அக்காவுக்கும் ஐயம்பேட்டைதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும் வழியில் என் அறைக் கதவைத் தட்டி "மாத்திர போட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போவார். கடையில் என் நோய் தெரிந்த ஒரே ஆள் அவர்.

"அக்கா, கொஞ்சம் வாயேன்."

"இன்னாபா? எல்லாரும் உன்னப் பாத்து இருமறாங்களா?"

"வெளயாடாத. இந்தப் பச்சப் பொடவ கட்னவங்க பொடவய எடுத்துப் பையில போடறாங்களா இல்லியா, அத மட்டும் பாத்துச் சொல்லு."

அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார். நான் ஓட்டினேன்.

"போடறாபா. பொடவதான். எவ்ளோ அமுக்கமா போடறா பாரு."

"நெஜமா தெரியுதா உனக்கு?"

"ஏன், எனக்குக் கண்ணு இல்லியா?"

அப்போது எனக்கு ஏற்பட்டது சந்தோஷம். யாரோ ஒரு அம்மா திருடியாகிவிட்டாள், அதனால் நான் பைத்தியம் இல்லை. அந்த நேரத்தில் அதில் தப்பாக எதுவும் தெரியவில்லை. இண்டர்காமை எடுத்தேன்.

"உறுதியா சொல்றியா?" என்றார் மேனேஜர்.

"ரெண்டு பேர் பாத்தோம் சார்."

"பில் போடட்டும். கதவாண்ட மடக்கறேன்."

கீழே அவர்கள் வேறொரு அரக்குப் புடவையை முடிவு செய்து, பில்லுக்குச் சொல்லி, அதற்குக் குச்சம் கட்டக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் சும்மா இருக்க முடியாமல் அந்தக் காட்சியை மறுபடியும் ஓட்டினேன். இந்த முறை சந்தேகத்தினால் இல்லை, ருசிக்காக. பெரிதாக்கிப் பார்த்தேன். புடவை பைக்குள் போகும் கடைசி நொடியில் அதன் ஓரம் வெளியே தொங்கியது. அதில் வரிசையாக வெள்ளைப் புள்ளிகள்.

நிறுத்தினேன். புள்ளிகள் அசையாமல் நின்றன.

"அக்கா, விக்காத பொடவைக்கு நம்ம கடைல குச்சம் கட்டுவாங்களா?"

"எவன் கட்டுவான்? வித்தப்புறம்தான..." என்று சொல்லிக்கொண்டே எட்டிப் பார்த்தவர் வாயில் கையை வைத்துக்கொண்டார். "வெள்ள மணி கோத்துக் கட்டிக்கீது. பழைய பொடவபா இது. நாள் முச்சூடும் இதயே கட்டிக்கினு இருக்கறவ, பாக்காம உட்டுட்டனே."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பையில் போடுகிறாளா இல்லையா என்றுதான் நான் கேட்டேன். அவர் அதை மட்டும்தான் பார்த்தார்.

அவர்கள் கடைக்குள் நுழைந்த இடத்துக்கு ஓட்டினேன். நுழையும்போதே அந்தப் பை உப்பியிருந்தது. அதிலிருந்து மெல்ல மெல்ல முன்னால் வந்தேன். விற்பனைக்காரர் அரக்கில் ஒரு புடவையை விரிக்கும்போதெல்லாம் அந்த அம்மா பைக்குள்ளிருந்து பழைய புடவையின் ஒரு மூலையை இழுத்து, குவியலுக்கு அடியில் வைத்து நிறம் ஒத்துப் பார்த்திருக்கிறார். சம்பந்தியம்மா திரும்பினால் மூடிவிடுவார். ஒரு முறை முழுப் புடவையும் வெளியே வந்துவிட்டது. அதைத்தான் அவசரமாகத் திணித்திருக்கிறார். மெல்லிசான புடவை, ஒல்லிக் கரை, விலை குறைந்தது. அவருடைய கல்யாணப் புடவையாக இருக்க வேண்டும். மகளுக்கும் அதே நிறம் வேண்டும், ஆனால் தன்னுடையது எப்படிப்பட்ட புடவை என்று சம்பந்திகள் பார்க்கக் கூடாது.

இண்டர்காமை அடித்தேன். யாரும் எடுக்கவில்லை. திரையில் மேனேஜர் கதவருகே நின்றிருந்தார்.

நான் படியில் இறங்கி ஓடினேன். கீழே போய்ச் சேர்ந்தபோது அவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அம்மா, ஒரு நிமிஷம். அந்தப் பையக் கொஞ்சம்..."

"ஏன்? பையில இன்னா?" என்றார் மாமா.

"ஒண்ணும் இல்ல சார். சும்மா ஒரு செக்கிங்."

"செக்கிங்கா? யாரப் பாத்து செக்கிங்குன்ற? நாங்க இன்னா திருட வந்தமா?"

மாப்பிள்ளையின் அம்மா வாசற்படியில் ஒரு கால் வைத்தவர் திரும்பி, முதலில் பையைப் பார்த்தார். பிறகு பெண்ணின் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டார். யார் பார்த்தாலும் திருடி என்றுதான் சொல்வார்கள். மணப்பெண் போனை இறக்கி, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அது அந்த அம்மாவின் சொந்தப் புடவை என்று நான் சொல்லலாம். எங்கே காட்டு என்பார்கள். பை திறக்கும். சொந்தப் புடவையை எதற்கு ஒளித்து எடுத்து வந்தாய் என்று வேனில் ஊர் போய்ச் சேரும் வரை கேட்பார்கள். அந்தக் கல்யாணம் நடந்தாலும் அந்தக் கேள்வி அந்தப் பெண்ணோடு குடித்தனம் பண்ணும். இதெல்லாம் யோசித்துச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். வாய் முந்திக்கொண்டது.

"சார், அவங்க எதுவும் எடுக்கல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."

"இப்பத்தானய்யா போன்ல சொன்ன?"

"சொன்னேன் சார். எனக்கு மனசு சரியில்ல. மாத்திர சாப்பிடறேன். சில நேரம் இல்லாதது இருக்கற மாதிரி தெரியும்." சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினேன். பிளேடால் வெட்டிய ஒரு பாதி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. "இது கேஸ்டிக் மாத்திர இல்ல சார்."

கடையில் புடவை மடிக்கும் சத்தம் நின்றது. மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பைத்தியத்தப் புடிச்சாய்யா காவலுக்கு வெச்சிக்கிறீங்க? நல்லா இருக்குதுபா உங்க கடை."

பின்னால் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டு, ஜூஸ் சொல்லட்டுமா என்று கெஞ்ச ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அம்மா, "வுடுங்கண்ணா, பாக்க நல்லாத்தான் கீறான், பாவம்" என்று சொல்லிவிட்டுச் சம்பந்தியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனார். அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. பையை மறு கையால் அணைத்தபடியே வேனில் ஏறினார்.

வேன் போன பிறகு மேனேஜரை மாடிக்குக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினேன். வெள்ளை மணிகளை நெடுநேரம் பார்த்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சரியாத்தான்யா பாத்துக்கிற" என்றார். பிறகு, "ஆனா நாளைக்கு நீ போன் பண்ணா நான் நம்பறதா, வேணாமா? அத நீயே சொல்லு."

அவர் கேட்டதில் தப்பு இல்லை. அடுத்த நாளிலிருந்து நான் போகவில்லை.

அன்று வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் அக்காவும் கூட வந்தார். ஐயம்பேட்டை நெருங்கும்போது, "இல்லாத பைத்தியத்த ஏன்பா நாலு பேருக்கு முன்னால சொல்லிக்கின?" என்றார்.

"இருக்கறதத்தானக்கா சொன்னேன்."

இரவு முழு மாத்திரை போட்டேன்.

பிறகு செவிலிமேட்டில் தண்ணீர் கேன் ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனேன். புது வீடுகள், எல்லாம் மாடி. முதுகு போனாலும் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை, படியைத் தவிர. ஒரு சாயங்காலம் தெருக்குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது அக்கா குடத்தோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"அந்த அம்மா வந்தாங்கபா. கட்டக் குடுத்த பொடவய வாங்கிக்கினு போக. தனியாத்தான் வந்தாங்க. பைலேர்ந்து அந்தப் பழச எடுத்து எங்கிட்ட காட்டி, இதே மாதிரி வெள்ள மணி கோத்துக் குடும்மான்னாங்க. ஏற்கெனவே கட்னதப் பிரிச்சி, கோத்துக் குடுத்தேன்."

"கல்யாணம்?"

"நடக்குதாம். அதான் பொடவ வாங்க வந்தாங்களே." அக்கா குழாயை மூடினார். "உன்னியும் கேட்டாங்க. வேலைய வுட்டுப் போயிட்டாருன்னேன். அப்பறம், 'அவரு பாத்தது நெஜந்தாம்மா. நான் பைல போட்டேன். எங்கியாவது பாத்தா சொல்லு'ன்னாங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அவங்க வாயால சொன்னாங்களா? நான் சங்கடப்படுவேன்னு நீயா சொல்றியா?"

"போடா டேய்" என்றார் அக்கா. "உனக்கு நான் இன்னும் எத்தன வாட்டிதான் சாட்சி சொல்றது?"

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிப் பார்க்காமலேயே, "மாத்திர போட்டியா?" என்று கேட்டார். முழுசாக என்றேன்.