நீவாவின் பத்துப் பாட்டு

நீவா ஸ்டாம்பர் வென்றவை இவை. ஒன்பது வயதில் மூன்று மாதக் காய்ச்சல். பிழைக்காது என்று மருத்துவரே கைவிட்ட பிறகு எழுந்து உட்கார்ந்தாள். பதினான்கு வயதில் மாவட்டச் சந்தையில் ஏழு ஆண்களைப் பாட்டில் தோற்கடித்து வெள்ளிக் கோப்பை. பத்தொன்பதில் வானொலியில் சனிக்கிழமை காலை பதினைந்து நிமிடம். அதை நான்கு வருடம் யாரும் அவளிடமிருந்து பறிக்கவில்லை. இருபத்து மூன்றில் முதல் இசைத்தட்டு, முழுக்க அடுத்தவர் பாட்டு. இருபத்தைந்தில் இரண்டாவது. அதில் பத்துப் பாட்டும் அவளே கட்டியவை. "பொம்பளை தன் பாட்டையே பாடினா யார் வாங்குவா?" என்று கம்பெனியில் இரண்டு பேர் கேட்ட பிறகும் அது நடந்தது.

இந்தப் பட்டியலை வைத்திருந்தவள் அவளுடைய அக்கா ஓப்பல். எட்டாவது வரை படித்தவள். சட்டைத் தொழிற்சாலையில் பரிசோதனை மேசையில் பதினொரு வருடம் இருந்தாள். ஒரு பொத்தான் காஜா அரை நூல் விலகியிருந்தாலும் அவள் விரல் கண்டுபிடித்துவிடும். பார்த்து முடித்த ஒவ்வொரு கட்டின் மேலும் தேதியும் தன் பெயரும் எழுதிய சீட்டு வைக்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. ஊறுகாய் ஜாடியில்கூடத் தேதியும் பெயரும் இருக்கும்.

நீவா துணி தேய்த்துக்கொண்டே பாட்டுக் கட்டுவாள். ஒரு வரி வந்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, "அக்கா, பிடிச்சுக்கோ" என்பாள். ஓப்பல் சட்டை வெட்டு மாதிரித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வாள். நீவாவுக்கு எழுத்து தெரியாது. அது வீட்டில் நான்கு பேருக்கு மட்டும் தெரிந்த சங்கதி. கம்பெனியின் ஒப்பந்தம் தபாலில் வந்தபோதும் ஓப்பல்தான் நீவாவின் பெயரைப் போட்டு அனுப்பினாள். வெளியே சொல்லமாட்டேன் என்று பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தாள்.

ஜனவரியில் அக்கா தங்கை இருவரும் இசைத்தட்டுக் கம்பெனி இருந்த நாஷ்வில் நகருக்குப் பேருந்தில் போனார்கள். இரண்டாவது தட்டின் பதிவு மூன்று நாள். முதல் நாள் முழுக்க ஒரே ஒரு பாட்டுதான் தேறியது. காரணம், இவர்கள் மலை ஊர்த் தேவாலயத்தில் வாத்தியமே கிடையாது. மூச்சு இருக்கும்வரை வரியின் கடைசியை இழுத்துப் பாடுவார்கள், மூச்சுதான் அளவு. நீவாவும் அப்படியே இழுத்தாள். நாஷ்வில் வாசிப்பவர்களோ நாலு நாலாக எண்ணிக்கொண்டு வரிக்கு முன்னே ஓடிவிட்டார்கள். அவளோ இடது கையால் தந்தியை மீட்டுகிறவள், கிதாரைத் திருப்பிப் பிடித்திருந்தாள். "கிதார் தலைகீழா, பொண்ணு தலைகீழா?" என்று பாஸ் கிதார் வாசிப்பவர் சிரித்தார். நீவா, "நீங்க மட்டும் நேரா இருங்க, போதும்" என்றாள். மறுநாள் தயாரிப்பாளர் வெண்டெல் தார்ப் நாற்காலிகளை எல்லாம் அவளைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொன்னார். எண்ணாதீர்கள், அவள் வாயைப் பாருங்கள் என்றார். அதன் பிறகு இரண்டு நாளில் ஒன்பது பாட்டு முடிந்தது.

பிப்ரவரி பதினாறாம் தேதி இசைத்தட்டின் அட்டை அச்சு மாதிரி தபாலில் வந்தது. 'எங்க ஊர்ப் பக்கம் மழையா?' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. பின்பக்கம் பத்துப் பாட்டின் கீழும் ஒரே வரி: பாடல், ஓப்பல் ஸ்டாம்பர்.

ஓப்பலுக்கு உடனே புரிந்துவிட்டது. கம்பெனியில் கொடுத்த பத்துத் தாளின் அடியிலும் அவளே தேதியும் தன் பெயரும் எழுதி வைத்திருந்தாள். அலுவலகத்தில் அதைப் பார்த்துத்தான் தட்டச்சு செய்திருக்கிறார்கள். ஆனால் புரிந்த உடனே அவள் எழுந்து ஓடவில்லை. தன் பெயரை இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறையும் படித்தாள். பிறகு அட்டையைத் துண்டு வைக்கும் இழுப்பறையில் போட்டு மூடினாள். இரண்டு நாள் அது அங்கேயே கிடந்தது.

மூன்றாம் நாள் மளிகைக் கடைத் தொலைபேசியில் தார்ப்பைக் கூப்பிட்டாள். அவர் அலுத்துக்கொண்டார். ஒரே வீடு, யார் பெயர் இருந்தால் என்ன என்றார். மாற்றியே தீர வேண்டுமென்றால் பத்துப் படிவத்திலும் பாட்டுக் கட்டியவள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், மார்ச் ஆறுக்குள், அதற்குமேல் அச்சுக்குப் போய்விடும் என்றார்.

கடையிலிருந்து வீட்டுக்கு அரை மைல். வாயைத் திறக்காவிட்டால் நீவாவின் பத்துப் பாட்டும் காலத்துக்கும் அக்காவுடையது. திறந்தால் நீவாவின் ரகசியம் நாஷ்வில் முழுக்கப் பரவும். நடந்த தூரம் முழுவதும் ஓப்பலுக்கு இதுதான் மண்டைக்குள்.

நீவா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். அட்டையை எடுத்து வந்து காட்டிச் சொன்னாள் ஓப்பல். நீவா கத்தியைக்கூட நிறுத்தவில்லை.

"இருந்துட்டுப் போகட்டும்கா. நான் பாடப் போறேன், அவ்வளவுதானே. உன் பேரு என்ன, திருட்டுப் பேரா?"

"இதுல திருட்டுப் பேருதான்."

"நாலு பேர் முன்னால போய் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நிக்கச் சொல்றியா?"

"மூணாவது பாட்டு நீ சுமந்து இழந்த பிள்ளைக்குப் பாடினது. அதுக்கடியில என் பேரு இருந்தா நான் எப்படி நீவா அந்தத் தட்டைக் கேப்பேன்?"

கத்தி நின்றது. அப்பா சுரங்க ஆபீசில் கையெழுத்துக்குப் பதில் பெருக்கல் குறி போட்டதைப் பற்றி நீவா பேசினாள். ஒவ்வொரு முறையும் குமாஸ்தா சிரித்ததையும் சொன்னாள். அவளும் குறி போடலாம், இரண்டு சாட்சி இருந்தால் சட்டம் ஏற்கும் என்றாள் ஓப்பல்.

"குறி போட மாட்டேன். எத்தனை நாள் இருக்கு?"

"பதினஞ்சு."

முதல் வாரம் பென்சில் தாளைக் கிழித்ததுதான் மிச்சம். நீவாவின் முதல் எழுத்தே முறிந்த வேலிபோல நின்றது. ஓப்பல் அவள் வலது கையைப் பிடித்துப் பிடித்து எழுத வைத்தாள். ஏழாம் நாள் நீவா பென்சிலை அடுப்பங்கரைப் பக்கம் வீசிவிட்டு, கோபம் ஆற கிதாரை எடுத்து வாசித்தாள். ஓப்பல் பார்த்துக்கொண்டே இருந்தாள். தந்தியை மீட்டிய இடது கை அவ்வளவு துல்லியமாக ஓடியது.

இடது கையால் எழுதக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் அந்தக் கையைத்தான் ரிப்பனால் பெஞ்சோடு கட்டினார்கள். வீட்டிலும் கவனிக்கச் சொல்லி டீச்சர் சீட்டு கொடுத்தனுப்பினாள். கவனித்தவள் ஓப்பல். எதையும் சரியாகச் செய்கிறவள் அல்லவா, மர அடிக்கோலால் அடித்தாள். இரண்டாம் வகுப்போடு நீவா நின்றதற்குக் காய்ச்சலைத்தான் இத்தனை வருடம் எல்லோரும் காரணம் சொன்னார்கள். ஓப்பலும் சொன்னாள்.

பென்சிலைப் பொறுக்கி வந்து தங்கையின் இடது கையில் வைத்தாள்.

"இந்தக் கையிலயா? நீதானே அடிப்ப."

"அடிச்சேன். தப்புப் பண்ணிட்டேன்."

நீவா நிமிர்ந்து அக்காவைப் பார்த்தாள். தாளை இழுத்துச் சாய்த்து வைத்துக்கொண்டாள். அன்றைக்கே முதல் இரண்டு எழுத்தும் நேராக நின்றன.

நாஷ்வில் அலுவலகத்தில் தார்ப்பும் தட்டச்சுக்காரப் பெண்ணும் இருந்தார்கள். ஓப்பல் வழி முழுக்க யோசித்து வைத்திருந்த சமாதானங்களுக்கு வேலையே வரவில்லை. நீவா உட்கார்ந்ததும் அவளே சொல்லிவிட்டாள், எனக்குப் படிக்கத் தெரியாது, பெயர் மட்டும் எழுதுவேன், அதுவும் மெதுவாகத்தான் என்று. தட்டச்சுக்காரப் பெண் வேறு பக்கம் பார்த்தாள். தார்ப் படிவங்களை அவள் பக்கம் தள்ளினார்.

முதல் படிவத்துக்கே ஐந்து நிமிடம் ஆயிற்று. அவர் கடிகாரத்தைப் பார்த்ததும் நீவா தலை தூக்காமலே சொன்னாள்:

"அவசரப்படுத்தாதீங்க சார். உங்க ஆளுங்க என் ஒரு பாட்டை எட்டுத் தடவை தப்பா வாசிச்சாங்க. நான் காத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

தார்ப் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்து மூடிக்கொண்டார்.

மூன்றாவது படிவத்தில்தான் நீவா கொஞ்சம் நிறுத்தினாள். என்ன பாட்டு என்று கேட்டாள். ஓப்பல் சொன்னாள். நீவா உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மறுபடி பென்சிலை எடுக்கப் போனாள். மையில் எழுத வேண்டும் என்று தட்டச்சுக்காரப் பெண் பேனாவை மெல்ல நீட்டினாள். முதல் இரண்டு படிவத்துக்கும் மறுபடி மையில் போட வேண்டியதாயிற்று. பத்தும் முடிய ஒரு மணி நேரம். எழுத்துகள் கோட்டுக்கு மேலும் கீழும் ஏறி இறங்கின. ஓப்பல் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒன்றைக்கூடத் திருப்பித் தரவில்லை.

நீவா ஸ்டாம்பர் தன் பெயரைத் தன் கையால் முதன்முதலில் போட்ட நாள்: 1970 மார்ச் 6, வெள்ளிக்கிழமை.