அப்பா எழுதிய பள்ளிக்கூட வரலாறு

ஆழ்வார்திருநகரி உறங்காப்புளியின் நிழலையும் அதனடியில் வீற்றிருக்கும் ஆழ்வாரின் திருவடிகளையும் வணங்கி, பொருநை நீரை மனத்தால் தொட்டுக்கொண்டு தொடங்குகிறேன். இன்று ஆவணித் திருவோணம். ஒரு பிழையை ஒப்புக்கொள்ள இதைவிட நல்ல நாள் எனக்கு வாய்க்காது.

எழுபதுகளின் நடுவில் எனக்குப் பதினொரு வயது. நாசரேத்துக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில், திருச்சபை நடத்திய உயர்நிலைப் பள்ளியில் அப்பா தமிழாசிரியர். நான் அங்கே ஆறாம் வகுப்பு மாணவி. அப்பாவுக்கு இன்னொரு வாழ்வும் இருந்தது. ஆழ்வார்திருநகரியில் வைகாசித் திருவிழாவின்போது, பெருமாளுக்கு முன்னே வரிசையாகச் சென்று பாசுரம் ஓதும் கோஷ்டியில் எங்கள் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக ஓர் இடம் உண்டு. பெரியப்பாவுக்குத் தொண்டை கெட்டபின் அது அப்பாவுடையதாயிற்று. அந்தப் பத்து நாளுக்காகவே அவர் ஆண்டு முழுவதும் மூச்சைச் சேர்த்து வைப்பதாக அம்மா சொல்வாள்.

அந்த ஆண்டு பள்ளியின் வரலாற்றை ஒரு மலராக அச்சிட முடிவு செய்து, எழுதும் பொறுப்பைத் தலைமையாசிரியர் அப்பாவிடம் ஒப்படைத்தார். பழைய பதிவேடுகள் தேவாலயத்தை ஒட்டிய அறையில் இருந்தன. பள்ளி விட்டதும் அப்பா நாள்தோறும் அங்கே போனார். செய்தி ஆழ்வார்திருநகரிக்கு எட்டியது. பெரியப்பா பேருந்தேறி வந்துவிட்டார்.

“சரித்திரம் எழுத நாலு நாள் போறாதா? நாலு வாரமா அங்கே என்ன பண்றான்?” என்று அம்மாவைக் கேட்டார்.

“பழைய ஏடு. கரையான் அரிச்சிருக்காம். ஒண்ணொண்ணாப் பிரிக்கணுமாம்.”

“இப்படித்தான் ஆரம்பிக்கும். முதல்ல ஏடு, அப்புறம் ஞானஸ்நானம்.”

“அவர் வேஷ்டியைத் துவைக்கறவ நான். எனக்குத் தெரியாம முழுகிட்டு வந்துடுவாரா?”

பெரியப்பா சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “நீ அங்கேதானே படிக்கறே. கண்ணைத் திறந்து வெச்சிண்டிரு.”

திறந்து வைத்துக்கொண்டேன். காலையில் கிணற்றடியில் அப்பா பாசுரத்தை முணுமுணுப்பதை நிறுத்தியிருந்தார். இலையில் பாதிச் சோறு மிஞ்சியது. எழுதிக்கொண்டிருக்கையில் நான் அருகே போனால் தாளைக் கவிழ்த்து வைத்தார். ஒவ்வொன்றையும் மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

ஒருநாள் அந்த அறையின் சன்னல்வரை போய்விட்டேன். ஆலயத்தைப் பெருக்கி மணியடிக்கும் முதியவர், கோயில்குட்டி என்று எல்லோரும் அழைப்பவர், என்னைப் பிடித்துவிட்டார்.

“ஏளா, பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு என்ன பாக்க? ஒங்கப்பா ஏட்டுக்குள்ள முங்கிக் கெடக்காரு. கூப்பிடட்டா?”

ஓடிவிட்டேன். அவரும் இதில் உடந்தை என்று முடிவு செய்தேன். மறுநாள், அவர் துடைப்பத்தோடு உள்ளே நுழையும்வரை வேப்பமரத்தின் பின்னே காத்திருந்து மீண்டும் சன்னலுக்குப் போனேன்.

அப்பா ஒரு பதிவேட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றார். “இது உங்க தகப்பனார் பேர்தானே?”

முதியவர் குனிந்து பார்த்தார். “எங்கய்யாதான். அதுக்கென்ன இப்பம்?”

அப்பா மேல்துண்டை எடுத்து இடுப்பில் இறுகக் கட்டினார். பிறகு நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். எதிர்ச்சுவரில் ஒரு மரச்சிலுவை தொங்கியது. எனக்குத் தெரிந்தது அது மட்டுமே.

“ஐயா, எந்திரிங்க. யாராது பாத்தா என்ன நெனைப்பாவ?” என்று முதியவர் பதறினார்.

பார்த்தது நான். நினைத்ததும் நான். அடுத்த முறை பெரியப்பா வந்ததும் சொல்லிவிட்டேன்.

அவர் கூடத்திலேயே அப்பாவிடம் விசாரணையைத் தொடங்கினார். “அங்கே தரையிலே விழுந்து சேவிச்சியா?”

“சேவிச்சேன்.”

“சுவத்துலே சிலுவை இருந்துதா?”

“இருந்தது.”

“அப்போ யாரைச் சேவிச்சே?”

அப்பா என்னை ஒருமுறை பார்த்தார். அதில் கோபம் இல்லை. “அச்சுல வரும். படிச்சுக்கோங்கோ, அண்ணா.”

“அதை நான் எதுக்குப் படிக்கணும்?” என்று செருப்பை மாட்டிக்கொண்டார் பெரியப்பா.

அந்த வைகாசியில் கோஷ்டியின் இடம் பெரியப்பாவின் மகனுக்குப் போயிற்று. அப்பா கூட்டத்தோடு தெருவோரம் நின்று உதடு மட்டும் அசைத்தார். பெரியப்பா தந்த சர்க்கரைப்பொங்கலை நான் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கித் தின்றேன்.

தூத்துக்குடியில் அச்சான மலரை எங்கள் வீட்டில் எவரும் பிரிக்கவில்லை. அப்பா பரமபதம் அடைந்து பல ஆண்டுகள் கழித்தே நான் படித்தேன். பள்ளியின் முதல் தமிழாசிரியர் எங்கள் கொள்ளுத்தாத்தா. பனைத்தொழில் செய்த குடும்பங்களின் பிள்ளைகளை அவர் வகுப்பறைக்குள் விடாமல் வெயிலில் மணல்மேல் உட்கார்த்தியிருந்தார். பதிவேட்டில் அப்பிள்ளைகளின் பெயருக்கு நேரே ‘வாசற்படிக்கு வெளியே’ என்ற குறிப்பு இருந்தது. அந்தப் பெயர்களையும், அவ்வாறு செய்தவர் தம் பாட்டனார் என்பதையும் அப்பா ஒன்று விடாமல் எழுதியிருந்தார். முதல் பெயர் கோயில்குட்டியின் தகப்பனாருடையது.

திருச்சபையார் முழந்தாளிடுவார்கள், அதைக் காலை வழிபாட்டில் தினமும் பார்த்தவள் நான். துண்டை இடுப்பில் கட்டி, உடல் முழுதும் மண்ணில் பட விழுவது எங்கள் வழக்கம். குலம் பாராமல் அடியார் காலில் விழச் சொல்லும் பாசுரங்களைக் கேட்டே வளர்ந்தேன். அவற்றின்படி அப்பா அந்த முதியவர் காலில் விழுந்ததை என் கண்ணால் கண்டேன்; அது இன்னதென்று எனக்குத் தெரியவில்லை.

இதை வாசிக்கும் எல்லோர் இல்லத்திலும் நீரும் நெல்லும் நல்ல சொல்லும் குறைவின்றி நிறைய அத்திருவடிகள் அருள்க.